குடை பிடிக்கிறவர்

தோஹாவில் நூதனசாலைக் காவலாளியாக
ஆறு வருஷம் நின்றேன்.
ஒரேயொரு தாளுக்குத்தான் காவல்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பாரசீகத்து ராசா.
எப்போதும் அரை இருட்டு;
வெளிச்சம் கூடினால் தாடி வெளிறிப்போகுமாம்.
கதையில் அவர் ஆயிரம் வருஷம் பழையவர்.
முகம் மட்டும்
கூலி கொடுத்த ராசாவுடையது.

இது விளங்க எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.
தனியே இருந்து படிக்கிற கிதாபு இல்லை அது.
சபையில் விரிக்கிற கிதாபு.
ஒருவன் வாசிப்பான், மற்றவர்கள்
ராசாவின் முகம் மலருதா என்று பார்ப்பார்கள்.
பகைநாட்டில் புதியவன் பட்டம் ஏறினால்
ஒட்டகத்தில் ஏற்றி அனுப்புவார்கள்.
சண்டை வேண்டாம் என்பதைத்
தங்கத்தூளிலும் சொல்லலாம்.

தாளைத் தேய்த்து மினுக்கினவன் ஒருத்தன்,
கோடு போட்டவன் ஒருத்தன்,
பூனைக்குட்டி மயிரால் இமை வரைந்தவன் ஒருத்தன்.
ஒருத்தன் பேரும் தாளில் இல்லை.
ஆனால் மலைப்பாறையை உற்றுப் பார்த்தால்
அதற்குள் முகங்கள்: ஒரு கிழவன், ஒரு ஒட்டகம்,
பல்லை இளிக்கிற ஏதோ ஒன்று.
வெள்ளியை அரைத்து வரைந்த ஆறு
கறுத்துப்போய்க் கிடக்கும்,
மழைக்கு முந்தின கிட்டங்கி ஆறு மாதிரி.

மறுகா ஊருக்கு வந்து
கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ஸ்டூடியோ போட்டேன்.

ஒருநாள் இஸ்ஸதீன் வந்தார், தவிசாளரின் செயலாளர்.
"அஞ்சு வருஷச் சாதனை. நாப்பது பக்கம், தோல் அட்டை.
அமைச்சர் வாறார், கையில குடுக்கோணும்."
மீன் சந்தைக் கூரை. மையவாடி மதில்.
முந்நூறு அடி கொங்கிறீட்டு வீதி,
அதன் நீளத்துக்கும் தவிசாளர் நடக்கிறார்.
"வானத்தை இன்னும் நீலமாக்குங்க."
ஆக்கினேன்.
அவர்களுக்கு அந்த நீலம்
மலை தாண்டி வந்த கல்லை இடித்து எடுத்தது.
எனக்கு மவுசில் ஒரு இழுப்பு.

தேர்தல் வந்தது. தோற்றார்.
பதினெட்டாம் நாள்
அதே இஸ்ஸதீன், அதே மோட்டார் சைக்கிள்.
"அந்த அல்பம் கம்பியூட்டர்ல கிடக்குதானே தம்பி?
முகத்தை மட்டும் மாத்தினாப் போதும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
அந்தத் தாளின் பின்பக்கத்தில்
மூன்று முத்திரைகளைச் சுரண்டியிருந்தார்கள்.
நாலாவது, நடுவில், அழுத்தமாக.

மாற்றினேன். கழுத்துத்தான் கரைச்சல்.
பழையவர் பருத்தவர்,
புதியவருக்குத் தொண்டைக்குழி தெரியும்.

இருபத்தேழாம் பக்கம், அடிக்கல் நடுகிற படம்.
ஓரத்தில் ஒருவர் குடை பிடித்து நிற்கிறார்.
நிழல் முழுக்கத் தவிசாளருக்கு,
வெயில் முழுக்க அவருக்கு.
ஒரு தலை போய் இன்னொரு தலை வந்தும்
குடையைச் சரிக்க வேண்டியிருக்கவில்லை.
பக்கத்துக் கருங்கல் குவியலில்
ஒரு கல்லுக்கு என் மூக்கை வைத்தேன்.
இதுவரை யாரும் காணவில்லை.

போன புதன்கிழமை அவர் கடைக்கு வந்தார்.
பேர் கலந்தர்லெவ்வை.
அல்பத்தைப் பற்றிக் கேட்கவில்லை;
அப்படியொன்று இருப்பதே தெரியாது.
"விசாவுக்கு ஒரு படம் எடுக்கோணும்.
கத்தார். செக்குரிட்டி வேலை.
தாடியைக் கொஞ்சம் கறுப்பாக்கலாமா?"

வெள்ளைத் திரைக்கு முன்னால் இருத்தினேன்.
இரண்டு விளக்கையும் போட்டேன்.
நேரே பார்த்தார்.
வலது கையை மட்டும்
எங்கே வைப்பதென்று தெரியாமல்
தோளுக்கு மேலே
தூக்கி வைத்திருந்தார்.